வெறுங்கையை வெளியே விடாத கடை

பாறைக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடைக்கும் போட்டோ ஸ்டுடியோவுக்கும் நடுவில் இருக்கிற இருதயராஜின் துப்பாக்கிக் கடைக்குள், புருஷன் வெட்டுப்பட்டுச் செத்து ரெண்டு வருஷம் கழிந்த ஆடி மாசத்தில், ஒரு ரிவால்வர் பார்த்து எடுக்கலாம் என்று நுழைந்த தமயந்தி அதற்கப்புறம் வெளியே வரவில்லை. வரமுடியவில்லை என்பதுதான் சரி, ஆனால் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் "அந்தம்மா வரல்ல" என்றுதான் சொல்வார்கள், ஊர் வாயை யாரால் தைக்க முடியும்.

அவள் புருஷன் முருகவேலுக்குக் கல்குவாரி. பக்கத்துக் குவாரி தவசிமுத்துவுக்கு. ரெண்டு குவாரிக்கும் நடுவில் நட்டிருந்த எல்லைக்கல் ஒருநாள் நாலு முழம் நகர்ந்திருந்தது, அதைக் கேட்கப் போன முருகவேலைப் பட்டப்பகலில் எடைமேடை மேல் வைத்தே வெட்டிப் போட்டார்கள், பார்த்தவர்கள் எல்லாரும் கோர்ட்டில் ஏறி "கண்ணுல தூசி விழுந்துருச்சு அய்யா" என்றார்கள், தவசிமுத்து மாலையோடு வெளியே வந்தான். முருகவேலின் தம்பி வீரணன் அன்றைக்கே மீசையில் கை வைத்துவிட்டான். ஆனால் அவன் பேரில் ஏற்கெனவே அடிதடிக் கேஸ்கள் கிடந்ததால் லைசென்ஸ் கிடைக்காது. "மதினி, நீங்க காலேஜ்ல என்.சி.சி.ல சுட்டுக் கப்பெல்லாம் வாங்குனவுக. தற்காப்புக்கு, கிளப்புல குறி சுட்டுப் பழகன்னு எழுதிக் குடுங்க. யார் பேர்ல வந்தா என்ன, வீட்டுக்கு ஒண்ணு வந்தாச் சரி" என்றான். கலெக்டர் ஆபீசில் பழைய கப்புகளைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகவே கையெழுத்துப் போட்டார்கள்.

ஆக அந்த ஆடிப் பகலில் இருதயராஜ் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வெல்வெட் துணியில் வைத்தார். பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்துவிட்டு வந்த மனிதர், விற்கிற அவசரமே கிடையாது அவருக்கு.

"இது ரெண்டு இஞ்ச் குழல் மேடம். ஹேண்ட்பேக்ல போட்டா இருக்கிற தடமே தெரியாது. ஆனா பத்தடி தள்ளி நிக்கிற எருமையக்கூட அடிக்காது. இது ஆறு இஞ்ச். காகிதத்துல நீங்க நெனச்ச எடத்துல ஓட்டை போடும். ஆனா இடுப்புல வச்சுட்டு உக்காந்தீங்கன்னா விலாவுல குத்தும். கூட வச்சுக்க ஒண்ணு, குறி சுட ஒண்ணுன்னு ரெண்டு வாங்குவாங்க. உங்க லைசென்ஸ்ல ஒண்ணுக்குத்தான் எடம். அப்ப நடுவுலதான் நிக்கணும்."

நடுவில் இருந்தது ஒரு நாலு இஞ்ச். குழல் வாய் முப்பத்திரண்டு போர் அளவு, தேக்கு நிறத்தில் மரப்பிடி. தமயந்தி அதைத் தூக்கினாள். கல்யாணமாகி இருபது வருஷமாகத் தோசைக்கரண்டியும் குவாரிச் சாவியும் பிடித்த கைக்கு எல்லாம் மறந்திருக்கும் என்றுதான் நினைத்தாள், மறக்கவில்லை. கனம் முன்னாலும் சாயவில்லை, பின்னாலும் சாயவில்லை. சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தாள், ஆறு ஓட்டையும் சுத்தம். குதிரையை இழுத்து வைத்துவிட்டு ட்ரிகரைத் தொட்டதும், நினைப்புக்கும் விரலுக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல் விழுந்தது. இதுதான், இதைவிட நல்லது இந்த ஜில்லாவில் கிடையாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"இதையே" என்று வாயைத் திறந்தபோது வாசலில் நின்ற மகளைப் பார்த்தாள். இலக்கியா, காலேஜ் ரெண்டாம் வருஷம். துப்பாக்கி பிடிக்கத் தமயந்தியே கற்றுக்கொடுத்த பெண். அப்பன் செத்த அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பெண். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மா கையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பசித்த பிள்ளை இலையைப் பார்க்கிற மாதிரி. அவள் தோளுக்குப் பின்னால் வீரணன் நின்றான். லைசென்ஸ் யார் பேரில் இருந்தாலும் இது எந்தக் கைக்குப் போகப் போகிறது என்பது அந்த நிமிஷத்தில் தமயந்திக்கு விளங்கிவிட்டது.

"பிடி கைக்குச் சரியா வரல்ல. இன்னொரு நாள் வந்து பாக்குறேன்" என்று சொல்லி அதைக் கீழே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசற்படியைத் தாண்டிக் காலை வெளியே வைத்தாள். கால் கடைக்குள் இருந்த கால்மிதியில் வந்து நின்றது.

மறுபடி தாண்டினாள். மறுபடி கால்மிதி. முகம் தெருவைப் பார்த்துப் போகும், அடுத்த எட்டில் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து நிற்கும். இருதயராஜ் ஒரு சேரை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, காபி சொல்றேன்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊரில் பாதி வந்துவிட்டது. தீயணைப்புக்காரர்கள் பின்சுவரை இடித்து அவளைச் சேரோடு தூக்கிக்கொண்டு போனார்கள், சந்தில் இறக்கி வைத்துப் பார்த்தால் சேர் மட்டும் இருந்தது, அவள் கடைக்குள் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டிருந்தாள். ஆடியில் ஆயுதம் எடுக்கப் போனால் இப்படித்தான் என்றார் பூசாரி. பாதிரியார் வந்து ஜெபம் பண்ணினார். மின்வாரியத்து லைன்மேன் எர்த் சரியில்லை என்று சொல்லி ஒரு கம்பியை மாற்றிக் கொடுத்தார், அதற்கப்புறம் கடையில் ஃபேன் நன்றாகச் சுற்றியது, அது ஒன்றுதான் லாபம்.

கதவின் சங்கதி முழுசாக விளங்கியது சுபேதார் கோமதிநாயகத்தால்தான். ரிட்டயர்டு மனிதர், தன் ரெட்டைக்குழல் துப்பாக்கிக்கு எண்ணெய் வாங்க வந்தவர், வாங்கிவிட்டு வெளியே போகப் பார்த்துக் கால்மிதியிலேயே நாலைந்து தரம் நின்றார். அவர் சம்சாரம் திட்டிக்கொண்டே போய் வீட்டிலிருந்து துப்பாக்கியைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்து கையில் கொடுத்ததும் மனிதர் விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டார். டீ கொண்டு வருகிறவரும் தபால்காரரும் அவர்கள் பாட்டுக்குப் போய் வந்தார்கள், இருதயராஜிடம் இருந்தது விற்கிற லைசென்ஸ்தான் என்பதால் கதவு அவரையும் கண்டுகொள்ளவில்லை. ஆக, துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வாங்கியவர் யாரானாலும் உள்ளே வந்தால் கையில் துப்பாக்கி இல்லாமல் வெளியே போகமுடியாது. இவ்வளவுதானா என்று ஊர் மூச்சு விட்டது. லைசென்ஸ்காரர்கள் படிக்கு வெளியே நின்றே வேலையை முடித்துக்கொள்ளப் பழகினார்கள்.

லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லித் தமயந்தி மனுப் போட்டாள். மனுதாரர் நேரில் ஆஜராக வேண்டும் என்று பதில் வந்தது.

"ஒண்ண எடுத்துட்டு வந்துருங்களேன் மதினி, சோலி முடிஞ்சது" என்றான் வீரணன். எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டுவிடலாமா என்று அவளும் யோசிக்காமல் இல்லை. ஆனால் வீரணன் எதிர்த்த டீக்கடை பெஞ்சில் விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தான், அவள் படியிறங்குமுன் அது அவன் கைக்குப் போய்விடும், அவன் கையிலிருந்து மகள் கைக்கு. அதனால் "இது கனம்", "இது உதறுது", "இதுல முன்குறி கோணல்" என்று தினம் ஒன்றைச் சொல்லிக்கொண்டு உள்ளேயே இருந்தாள். அந்த நாலு இஞ்சைக் கடைசி வரிசைக்குத் தள்ளி, அதன்மேல் ஒரு தோலுறையைப் போட்டு மறைத்தாள். கதவு அவளைப் பிடித்து வைத்ததா, அவள் கதவைப் பிடித்து வைத்தாளா என்று கேட்டால் அவளுக்கே அந்தக் கணக்கு நேராகாது. சாயங்காலம் வெயில் தாழ்ந்து தெருவில் தண்ணீர் தெளிக்கிற வாசம் வரும்போது வாசலை ஒட்டிய கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவாள்.

ஊர் அழவில்லை, ஊருக்கு வேறு வேலை இருக்கிறதே. பஸ் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்துக்கு அக்கா கடை என்று பேர் வைத்தார்கள். குவாரி ஆட்கள் சனிக்கிழமை அங்கேயே வந்து கூலி வாங்கிக்கொண்டார்கள். பெண்கள் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே மாமியார் சமாச்சாரம் பேசினார்கள், எங்கேயும் எழுந்து போகமுடியாத ஆளிடம் பேசுகிற சுகம் வேறு. ஆயுத பூஜைக்கு அவள்தான் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு துப்பாக்கியையும் துடைத்து எண்ணெய் விட்டுச் சந்தனப் பொட்டு வைத்தாள். அதிலிருந்து பெட்டிச் சாவியை இருதயராஜ் அவளிடமே விட்டுவிட்டார். தோட்டாக்களும் இரும்புப் பீரோவும் மட்டும் அவர் பொறுப்பு. மேடம் என்று கூப்பிட்டவர் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார்.

இலக்கியா தினமும் காலேஜ் விட்டுத் தூக்குச்சட்டியோடு வருவாள். அம்மா சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னைக்காச்சும் எடும்மா" என்பாள்.

"நல்லதா ஒண்ணும் இல்லடி."

"நல்லதா வேணாம். சுட்டாப் போதும்."

இப்படி ஐப்பசி போய், தை போய், பங்குனியில் தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் ஊரில் இருக்கிற லைசென்ஸ் துப்பாக்கி அத்தனையும் ஓட்டு எண்ணி முடிகிற வரைக்கும் போலீஸ் ஸ்டேஷனிலோ துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்தாக வேண்டும். பாறைக்குடிக்காரர்கள் கடைப்பக்கம் வராமல் ஸ்டேஷனுக்கே வரிசை கட்டிப் போய்விட்டார்கள். தவசிமுத்து மட்டும் போகவில்லை. கேஸ் சமயத்தில் அந்த ஸ்டேஷன் வராண்டாவில் அவனைச் சட்டையில்லாமல் உட்கார வைத்திருந்தார்கள், செத்தாலும் அந்தப் படி ஏறமாட்டேன் என்று சபதம் போட்டவன். கதவு, கால்மிதி எல்லாம் முருகவேல் பொண்டாட்டி அனுதாபத்துக்குப் போடுகிற நாடகம் என்பது அவன் கட்சி. தவிர, எதிரி வீட்டுக்காரி உட்கார்ந்திருக்கிற கடைக்குள் தான் தைரியமாகப் போய் வருவதைத் தெரு பார்க்கட்டுமே என்ற கொழுப்பு.

வெள்ளைக் காரில் வந்து இறங்கினான். "அண்ணே, சொன்னாக் கேளுங்க, ஸ்டேஷன்ல குடுத்துருங்க" என்று இருதயராஜ் படியிலேயே கையை விரித்து மறித்துப் பார்த்தார். அவரைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்து, தமயந்தி உட்கார்ந்திருந்த சேருக்கு நேரே கண்ணாடிப் பெட்டி மேல் தன் ரிவால்வரை வைத்து, "ரசீது போடும்யா" என்றான். வாங்கினால் ரசீது போட்டுத்தான் ஆகவேண்டும். இருதயராஜ் அதைப் பீரோவில் பூட்டிவிட்டு, கணக்குக் காட்டத் தாலுகா ஆபீசுக்குச் சாவியோடு கிளம்பிப் போனார், அந்த இடத்தில் நிற்க அவருக்குத் தைரியம் இல்லை.

தவசிமுத்து மீசையைத் தடவிக்கொண்டு வாசலைத் தாண்டினான். கால்மிதியில் நின்றான். சிரித்தான். மறுபடி தாண்டினான். மூன்றாவது தடவைக்குச் சிரிப்பு போய்விட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தாண்டினான், ஓடித் தாண்டினான், கடைசியில் முழங்கால் தட்டுப்பட்டு விழுந்து எழுந்து, "ஏய், என்னடி பண்ணி வச்சுருக்க?" என்றான்.

"நான் ஒண்ணும் பண்ணல்ல. எட்டு மாசமா நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

டீக்கடை பெஞ்சிலிருந்து வீரணன் எழுந்தான். அவசரமே படவில்லை. போன் பண்ணினான். அதைப் பார்த்ததுமே காரில் இருந்த டிரைவர் ஆள் கூட்டி வருவதாகச் சொல்லி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவன்தான், அவன் இன்னும் வந்துகொண்டிருக்கிறான். கடைகள் எல்லாம் ஷட்டரைப் பாதி இறக்கின. முழுசாக இறக்கினால் எப்படிப் பார்ப்பது. கொஞ்ச நேரத்தில் இலக்கியாவின் ஸ்கூட்டி வந்து நின்றது. கால் வைக்கிற இடத்தில் நீளமாக ஒரு சாக்குப்பொதி கிடந்தது.

தமயந்திக்கு எல்லாம் புரிந்தது. வீரணனுக்கோ இலக்கியாவுக்கோ லைசென்ஸ் கிடையாது, கதவு அவர்களைத் தடுக்காது. உள்ளே வரலாம், வேலையை முடிக்கலாம், வெளியே போகலாம். உள்ளே இருக்கிறவன் கட்டிப்போட்ட ஆடு. அவர்கள் காத்திருந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான்: பஸ் ஸ்டாண்டு முக்கில் தேர்தல் பறக்கும்படை ஜீப் நின்றது, வீடியோ கேமராக்காரரோடு. மத்தியானம் அது ரவுண்டு கிளம்பும். அவர்களைக் கூப்பிடவும் முடியாது, வந்தால் சாக்குப்பொதியோடு முதலில் மாட்டுவது மகள்தான்.

"இலக்கியா! வீட்டுக்குப் போ!" கிரிலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

மகள் தெருவைத் தாண்டிப் படி வரைக்கும் வந்தாள். நெற்றியில் வியர்த்திருந்தது. "போகமாட்டேம்மா. சித்தப்பா சொல்லிட்டாரு, மொத வெட்டு எனக்குத்தான். நீ கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பிக்க."

"உனக்கு இன்னும் இருபது வயசு ஆகல்லடி."

"அப்பாவுக்கு நாப்பத்தஞ்சுகூட ஆகல்ல" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டிக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

உள்ளே தவசிமுத்து சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்தான், அவன் போனும் காரோடு போயிருந்தது. வெள்ளைச் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. "ஆத்தா, நான் வெட்டல்ல. சத்தியமா நான் அங்க இல்ல" என்றான்.

"வெட்டச் சொன்னியா?"

அவன் தரையைப் பார்த்தான். "சொன்னேன்."

இத்தனை மாசமும் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்துப் படுத்தவள் அவள். கேட்டதும் உடம்பெல்லாம் எரிந்தது. பீரோ பூட்டியிருக்கிறதே, ஒரே ஒரு தோட்டா வெளியில் இருந்திருந்தால் நானே போட்டிருப்பேனே என்று பல்லைக் கடித்தாள். பொய்யில்லை, போட்டிருப்பாள். அவன் சாகட்டும், இந்த நிமிஷமே நாறிச் சாகட்டும், ஆனால் என் பிள்ளை கையால் வேண்டாம். அவள் ஜெயில் கம்பிக்குள் போய் நின்றால் அதை யார் திறப்பார்கள், நானே இங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

முக்கில் ஜீப்புக்குள் டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியை உறும விட்டார்.

தமயந்தி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, கடைசி வரிசையில் கைவிட்டு, தோலுறையைத் தள்ளிவிட்டு அந்த நாலு இஞ்சை எடுத்தாள். சக்கரத்தைத் தள்ளிக் காலியாக இருக்கிறதா என்று பார்த்தாள். கொண்டுபோய் அவன் மடியில் வைத்தாள்.

"எந்திரி. இது கையில இருந்தாக் கதவு விடும்."

"குண்டு?"

"இல்ல."

"அப்ப வெளிய போயி நான் என்னத்த..."

"ஓடாத. யாரையும் பாக்காத. தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நேரா அந்த ஜீப்புகிட்டப் போ. தேர்தல் நேரத்துல நடுத்தெருவுல துப்பாக்கியோட வந்தவன்னு பிடிச்சு உள்ள போட்டுருவாங்க. உள்ள இருந்தா உயிரோட இருப்ப."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். காலைத் தொடப் போனான். "தொடாத!" என்று அவள் போட்ட சத்தத்தில் வெளியே நின்றவர்களே திடுக்கிட்டார்கள். "உனக்காக ஒண்ணும் செய்யல்ல. நீ செத்து ஒழி, ஆனா எம்மக கையில ஒழியாத. போ."

போனான். கதவு அவனை விட்டது. படியில் இறங்கி, துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அவன் நடந்தபோது தெருவே பின்வாங்கியது. வீரணன்கூடப் பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றான், அது காலி என்று அவனுக்கு யார் சொல்வது. ஜீப்பிலிருந்து குதித்தவர்கள் அவனைக் குப்புறத் தள்ளிக் கையைப் பின்னால் முறுக்கினார்கள். கேமராக்காரர் நாலா பக்கமும் சுற்றிச் சுற்றி எடுத்தார், அவருக்கு அந்தத் தேர்தலில் அதுவரைக்கும் நாலு வேட்டி மூட்டையும் ஒரு குக்கரும்தான் கிடைத்திருந்தன.

இலக்கியா மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. ஜீப் போனதும் மெதுவாகப் படிக்கு வந்தாள். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவள் அந்தத் துப்பாக்கியைத்தான் பார்த்திருக்கிறாள். சுடத் தெரிந்தவள் கண்ணாயிற்றே.

"அதுதான் இருக்கிறதுலேயே நல்லது. என்னம்மா?"

"ஆமா."

"எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும்."

"எங்க யாருக்கும் குடுக்காம எட்டு மாசம் ஒளிச்சு வச்சு, அவனுக்கு எடுத்துக் குடுத்துட்ட. அப்பாவ வெட்டுனவனுக்கு."

"இலக்கியா, அம்மா சொல்றதக் கேளு..."

"நீ உள்ளயே இரு" என்றாள் மகள். அப்பன் செத்த அன்றைக்கு அழாதவள் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு நடுத்தெருவில் அழுதுகொண்டே போனாள்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்தார். கடைத் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்ததற்குத் தமயந்தியைக் கைது செய்ய வேண்டும். ரெண்டு பெண் போலீஸ் அவளை இரு பக்கமும் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள். அவர்கள் தெருவில் நின்றார்கள், அவள் கால்மிதியில் நின்றாள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, ஏற்கெனவே உள்ளதான இருக்காங்க" என்று எழுதிக்கொண்டார். மறுநாள் தாசில்தார் வந்து பெட்டிக்குச் சீல் வைப்பார் என்றார்கள். லைசென்ஸ்? அது இப்போது கேஸில் சாட்சி, கேஸ் முடிகிற வரைக்கும் ரத்து பண்ணமுடியாதாம். ஊர் அதற்கும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போயிற்று. பாதிப் பேர் அவளைத் தெய்வம் என்றார்கள், பாதிப் பேர் துரோகி என்றார்கள், அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. தூக்குச்சட்டி வருகிற நேரத்துக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வரவில்லை.

மறுநாள் காலையில் கோயம்புத்தூர் பஸ் வந்து எதிரே நின்றது. தோளில் ஒரு பையோடு இலக்கியா அதில் ஏறினாள். கோயம்புத்தூரில் தமயந்தியின் தங்கை வீடு இருக்கிறது. தெருவுக்கு இந்தப் பக்கம் உள்ள ஜன்னலில்தான் உட்கார்ந்தாள், ஆனால் திரும்பவில்லை.

"இலக்கியா! ஏய்! இங்க பாருடி!" தமயந்தி வாசலுக்கு ஓடினாள். கால்மிதி. மறுபடி ஓடினாள். கால்மிதி. பஸ் உறுமியது, கண்டக்டர் படியில் தொற்றிக்கொண்டு தட்டினார். தாசில்தார் இன்னும் வரவில்லை, பெட்டி சும்மாதான் சாத்தியிருந்தது. ஒன்றைக் கையில் எடுத்தால் போதும், மூன்று எட்டில் பஸ்ஸைப் பிடித்துவிடலாம், ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையை இழுத்து மடியில் போட்டுக்கொள்ளலாம். திறந்தாள். முன்வரிசையில் இருந்த ரெண்டு இஞ்சைத் தொட்டேவிட்டாள், ஜில்லென்று இருந்தது. இதை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்காரப் போகிறோம் என்று நினைத்ததும் விரல் தானாகவே விட்டுவிட்டது. பெட்டியைச் சாத்தினாள்.

பஸ் நகர்ந்தது. தமயந்தி கிரில் கம்பிகளுக்கு நடுவே முகத்தை அழுத்திக்கொண்டு பார்த்தாள். வெளிக்காற்றில் மகளின் முடி கலைந்து முகத்தில் அடித்தது. அவள் ரெண்டு கையையும் தூக்கி அதை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள். பஸ் முக்கில் திரும்புகிற வரைக்கும் தாய் அந்த ரெண்டு கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.